காமனைக் காப்பது என்றால் அதன் ஓரத்தைக் காப்பது

கேள்வி சுருக்கமாக இது: ஒருவர் இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறார். வீட்டுக்கு எதிரே, 'காமன்' (common) எனப்படும் நூற்றாண்டுகள் பழமையான ஒரு திறந்தவெளி நிலம். ஓர் உள்ளூர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. அறங்காவலராகச் சேரும்படி அவரை அழைத்திருக்கிறார்கள். "புல் வெட்டுவது, குப்பை பொறுக்குவது தவிர இதில் என்ன இருக்கிறது? சேர்ந்தால் என்னென்ன பொறுப்பு வரும்?" என்று கேட்கிறார்.

சேருங்கள் என்பதுதான் என் பதில். தென் இங்கிலாந்தில் இதே மாதிரியான ஒரு காமனுக்குப் பதினான்கு வருடமாக அறங்காவலராக இருக்கிறேன். குப்பையும் புல்லும் இந்த வேலையில் சிறு பங்குதான். மீதி என்ன என்பதை எனக்குத் தெரிந்தவரை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடலாம். காமன் என்றதும் நம்மவர்களுக்கு மந்தைவெளியோ புறம்போக்கோதான் மனதில் வரும். அரசாங்க நிலம், யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துவிடுவோம். அப்படி இல்லை. காமனின் மண்ணுக்கு ஓர் உரிமையாளர் உண்டு. பழைய காலத்தில் மேனர் எனப்படும் பண்ணை எஸ்டேட்டின் பிரபு. இன்று கவுன்சிலாகவோ, பழம்பெரும் இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பாகவோ, ஒரு குடும்பமாகவோ, உங்கள் அறக்கட்டளையாகவோ இருக்கலாம். அந்த மண்ணின் மேல் 'காமனர்கள்' எனப்படும் சிலருக்கு உரிமைகள் இருந்தன: ஆடு மாடு மேய்ப்பது, ஓக், பீச் மரங்களிலிருந்து உதிரும் கொட்டைகளைத் தின்னப் பன்றிகளை விடுவது, விறகும் முள்செடியும் வெட்டுவது, அடுப்பெரிக்கப் பீட் எனப்படும் கரிமண் தோண்டுவது, மீன் பிடிப்பது, சரளை அள்ளுவது. இவை பொதுமக்களின் உரிமைகள் அல்ல, குறிப்பிட்ட வீடுகளோடும் பண்ணைகளோடும் ஒட்டிய உரிமைகள். பொதுமக்களுக்குக் கால் வைக்கும் உரிமை ரொம்பப் பின்னால் வந்தது. 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் நகர்ப்புறக் காமன்களில் காற்று வாங்கவும் உடற்பயிற்சிக்கும் போக உரிமை தந்தது. மற்றவற்றில் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் வந்தது.

ஆக, ஒரே நிலத்தின் மேல் மூன்று அடுக்கு: உரிமையாளர், காமனர், பொதுமக்கள். அறங்காவலர்கள் கூட்டத்தில் வரும் சண்டைகளில் பாதி, பேசுகிறவர்கள் எந்த அடுக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுவதால் வருபவை.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு பதிவேடு. 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் காமன்களையும், அவற்றின் மேலுள்ள உரிமைகளையும் பதிவு செய்யச் சொன்னார்கள். குறித்த காலத்துக்குள் பதியாதவை அழிந்துபோயின. எத்தனையோ மேய்ச்சல் உரிமைகள் அப்படிச் சத்தமில்லாமல் போயிருக்கின்றன. இன்று உங்கள் கவுண்டி கவுன்சிலிலோ யூனிட்டரி கவுன்சிலிலோ போய்க் கேட்டால், நிலம், உரிமைகள், உரிமையாளர் என்று மூன்று பகுதியாக அந்தப் பதிவேட்டைக் காட்டுவார்கள், கூடவே ஒரு வரைபடமும். அந்த வரைபடத்தின் நகலை வாங்கிவிடுங்கள். நான் சேர்ந்து மூன்று வருடம் கழித்துத்தான் எங்கள் வரைபடத்தைப் பார்த்தேன். அந்த மூன்று வருடத்தில் கவனிக்காமல் விட்டவற்றை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காமன்கள் எப்படிப் பிழைத்தன என்பது தெரிந்தால்தான் உங்கள் கையில் இருப்பதன் மதிப்பு தெரியும். 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட தனித்தனிச் சட்டங்கள் மூலம் சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலத்தை நாடாளுமன்றம் வேலிக்குள் அடைக்க அனுமதித்தது. இன்று இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் காமன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் வீங்கிப் பெருத்தபோது, சுற்றியிருந்த காமன்களுக்கு வீட்டுமனை விலை வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் 1865இல் ஜார்ஜ் ஷா-லெஃபீவர் முயற்சியில் காமன்கள் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. ஓபன் ஸ்பேசஸ் சொசைட்டி என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. காமன் சட்டம் பற்றிச் சந்தேகம் வந்தால் நான் முதலில் போவது அவர்களிடம்தான்.

அடுத்த வருடமே ஒரு பெரிய சம்பவம். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பெர்காம்ஸ்டெட் காமனின் 400 ஏக்கருக்கு மேற்பட்ட பகுதியை பிரௌன்லோ பிரபுவின் எஸ்டேட் இரும்பு வேலி போட்டு அடைத்தது. அங்கே காமன் உரிமை வைத்திருந்த அகஸ்டஸ் ஸ்மித், 1866 மார்ச் 6ஆம் தேதி இரவில் லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து சிறப்பு ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கூலியாட்களை அனுப்பி, விடிவதற்குள் வேலியை மொத்தமாகப் பிடுங்கிப் போட்டார். வழக்கு 1870 வரை நடந்து அவர் பக்கமே தீர்ந்தது. எப்பிங் காட்டில் லௌட்டன் கிராமத்தார் கிளை வெட்டும் உரிமைக்காகச் சிறைக்குப் போனார்கள். 1878இல் அந்தக் காட்டுக்கென்றே சட்டம் வந்தபோது, விட்டுக்கொடுத்த உரிமைக்கான இழப்பீட்டில் கட்டிய லாப்பிங் ஹால் இன்றும் லௌட்டன் தெருவில் நிற்கிறது. 'லாப்பிங்' என்றால் கிளை வெட்டுவது. ஒரு கட்டடத்துக்கு அப்படிப் பெயர் வைத்தவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விம்பிள்டன் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 1864இல் ஸ்பென்சர் பிரபு காமனின் ஒரு பகுதியை விற்று, மிச்சத்தை வேலியிட்ட பூங்காவாக்க விரும்பினார். ஊர் எதிர்த்தது. முடிவில் 1871இல் ஒரு சட்டம். பிரபுவுக்கு வருடம் 1,200 பவுண்ட் தருவதாக ஒப்புக்கொண்டு, நிலத்தைப் பாதுகாவலர் குழு ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். எட்டுப் பேர் கொண்ட அந்தக் குழுவில் ஐந்து பேரை உள்ளூர்க்காரர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். காமனிலிருந்து முக்கால் மைலுக்குள் இருக்கும் வீடுகள் வருடா வருடம் ஒரு தனி வரி கட்டுகின்றன. இன்று அது பதிவு பெற்ற அறக்கட்டளையும்கூட. உங்கள் அறக்கட்டளைக்கு வரி வசூலிக்கும் அதிகாரம் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் 'உள்ளூர்க்காரர்களே பொறுப்பு' என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தக் கதைகளில் ஒரு சிக்கல் உண்டு. இவற்றைக் கேட்டுவிட்டு, காமனுக்கு ஆபத்து என்றால் பெரிய பிரபுவோ பெரிய பில்டரோ வருவார் என்று காத்திருப்போம். என் அனுபவத்தில் அப்படி யாரும் வருவதில்லை. வந்தால் ஊரே திரண்டுவிடும். காமன் போவது ஓரத்திலிருந்து, ஓரடி ஈரடியாக, யாரும் பார்க்காதபோது.

எங்கள் காமனின் வடக்கு ஓரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வரிசையாகத் தோட்டங்கள், பின்வேலிக்கு அப்பால் காமன். ஒருவர் தோட்டத்தில் வெட்டிய புல்லைப் பின்வேலிக்கு மேல் கொட்டத் தொடங்கினார். அப்புறம் அந்த இடம் அசிங்கமாக இருக்கிறதென்று அவரே வேலிக்கு வெளியே ஒரு பட்டை நிலத்தை மெஷினால் வெட்டிச் சீராக்கினார். அடுத்த வருடம் அங்கே டாஃபடில் பூக்கிழங்கு நட்டார். அதற்கடுத்து, வண்டி ஏறாமலிருக்க வரிசையாக வெள்ளைக் கற்கள். அப்புறம் ஒரு பெஞ்ச். வேலியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, புது வேலி கற்களின் வரிசையில் நின்றது. ஒவ்வொரு படியிலும் அவர் நல்ல மனிதர்தான், இடத்தை அழகாகத்தான் வைத்திருந்தார். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வரைபடம் கையில் இல்லாததால் எது எல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. வேலியைத் திரும்பத் தள்ளி வைக்க இரண்டு வருடமும், வக்கீல் செலவும், ஒரு பக்கத்து வீட்டு உறவும் ஆயிற்று. டாஃபடில் நட்ட அன்று ஒரு கோப்பை டீயோடு போய்ப் பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

இதனால்தான் சட்டத்தில் நாலைந்து விஷயங்களை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கச் சொல்கிறேன்.

2006ஆம் ஆண்டுக் காமன் சட்டத்தின் 38ஆம் பிரிவு: பதிவான காமனில் வேலி, கட்டடம், பள்ளம், மேடு என்று மக்கள் நடமாட்டத்தைத் தடுக்கும் எந்த வேலைக்கும், கான்கிரீட் அல்லது தார்த் தளம் போடுவதற்கும் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். இங்கிலாந்தில் அந்த விண்ணப்பங்களை பிளானிங் இன்ஸ்பெக்டரேட் என்ற அரசு அமைப்பு பார்க்கிறது. பிளானிங் அனுமதி கிடைத்துவிட்டது என்பது இதற்குப் பதிலாகாது, இரண்டும் வேறு. முக்கியமாக, இது உங்கள் அறக்கட்டளைக்கும் பொருந்தும். நல்ல நோக்கத்தோடு நீங்கள் போடும் மேய்ச்சல் வேலிக்கும், கார் நிறுத்தத் தளத்துக்கும் இதே ஒப்புதல் தேவைப்படலாம். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஒப்புதல் இல்லாமல் செய்த வேலையை அகற்றும்படி எவரும் கவுண்டி கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறது. அகஸ்டஸ் ஸ்மித்துக்குக் காமன் உரிமை தேவைப்பட்டது, உங்களுக்குத் தேவையில்லை.

வண்டிகள் அடுத்த தலைவலி. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அனுமதியின்றிக் காமன் மேல் வண்டி ஓட்டுவது குற்றம். சாலையிலிருந்து 15 கெஜத்துக்குள் நிறுத்துவதற்காக ஓட்டினால் மட்டும் குற்றமில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது. அந்த 15 கெஜத்தை எல்லாரும் 'நிறுத்தும் உரிமை' என்று நம்புகிறார்கள். அது உரிமை அல்ல, தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே. நில உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லலாம்.

வீடுகளுக்குப் போகும் பாதைகள் இன்னும் நுட்பமானவை. ஹாம்ப்ஷயரில் நியூட்டவுன் காமனை வாங்கிய ஒரு நிறுவனம், அதன் மேல் கார் ஓட்டித் தங்கள் வீடுகளுக்குப் போய்வந்த குடியிருப்பவர்களிடம் பணம் கேட்டது. காமன் மேல் வண்டி ஓட்டுவதே குற்றம் என்பதால் எத்தனை வருடம் ஓட்டினாலும் உரிமை பிறக்காது என்பதுதான் அதுவரை சட்டம். 2004இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றியது. உரிமையாளர் அனுமதித்திருந்தால் குற்றமாகாத ஒரு செயலை 20 வருடம் வெளிப்படையாகச் செய்துவந்தால் பாதை உரிமை பிறக்கும் என்று தீர்ப்பு. அந்த வீட்டுக்காரர்களுக்கு அது நியாயம். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அறங்காவலருக்கு அதன் பொருள் இதுதான்: புதிதாக யாராவது காமனைக் கடந்து வண்டி ஓட்டத் தொடங்கினால், முதல் வருடமே கடிதம் எழுத வேண்டும். பத்தொன்பதாம் வருடத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தக் கடிதத்தை எழுத வேண்டிய அறங்காவலர் அப்போது இருக்கமாட்டார், நினைவும் இருக்காது.

இன்னொன்று, மண்ணின் உரிமை நில ஆவணப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். காமன் பதிவேட்டில் இருப்பது வேறு, இது வேறு. பல பழைய காமன்கள் இதில் பதிவாகவே இல்லை. பதிவாகாத நிலத்தில் 12 வருட ஆக்கிரமிப்பே போதும், உரிமை கேட்க. பதிவான நிலத்தில், ஆக்கிரமித்தவர் 10 வருடம் கழித்து விண்ணப்பித்தாலும் உங்களுக்கு அறிவிப்பு வரும், நீங்கள் மறுக்கலாம். இந்த ஒரு பதிவைச் செய்துவைப்பது பத்து வருட வேலி ரோந்துக்குச் சமம்.

சரி, ஓரத்து வேலிகளைச் சொன்னேன். காமன் உள்ளிருந்தும் போகும். அதைத்தான் புதிதாக வருபவர்கள் நம்ப மறுப்பார்கள்.

திறந்த வெளியாக, ஊதா நிற ஹெதர் பூத்து, மஞ்சள் முள்செடி கோர்ஸ் எரிவதுபோல் நிற்கும் காமனைப் பார்த்து, இது இயற்கை, தொடாமல் விட்டால் இப்படியே இருக்கும் என்று நினைப்போம். அது இயற்கையும் மாடும் சேர்ந்து செய்தது. நூற்றாண்டுகளாக மாடு கடித்து, மக்கள் விறகு வெட்டி, பிராக்கன் பெரணியை அறுத்துத் தொழுவத்தில் பரப்பி, மண்ணை ஏழையாக வைத்திருந்ததால் வந்த நிலப்பரப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தென்கிழக்கில் பெரும்பாலான காமன்களில் மேய்ச்சல் நின்றுபோனது. உடனே பிர்ச் மரக்கன்றுகள் வந்தன. முதல் வருடம் புல்லுக்குள் தெரியாது. ஐந்தாம் வருடம் இடுப்பளவு. இருபதாம் வருடம் அது காடு, கீழே ஹெதரும் இல்லை, ஹெதரை நம்பிய எதுவும் இல்லை. 1800இல் இங்கிலாந்தில் இருந்த தாழ்நில ஹீத்தில் (ஹெதர் வளரும் திறந்தவெளி) ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இன்று மிச்சம். பூ நிறைந்த பழைய புல்வெளிகளில் 1930களுக்குப் பிறகு 97 சதவீதம் போய்விட்டது. இரவில் மோட்டார் ஓடுவதுபோல் கரகரக்கும் பக்கிப் பறவை, டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர் என்ற சிறு பறவை, ஆடர் பாம்பு எல்லாம் அந்த மிச்சத்தில்தான் வாழ்கின்றன.

மரம் வெட்டுகிறார்கள் என்று ஊரில் கோபம் வரும். எங்களுக்கும் வந்தது, கடுமையாகவே. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். மரத்தை நேசிப்பவர்கள்தான் அவர்கள். ஆனால் நோட்டீஸ் ஒட்டினால் போதாது. வெட்டுவதற்கு முன்னால் அவர்களை அழைத்துப் போய், வெட்டாத இடத்தையும் ஐந்து வருடம் முன்பு வெட்டிய இடத்தையும் அருகருகே காட்ட வேண்டும். எங்கள் ஊரில் அதிகமாகக் கத்திய ஒருவர் இன்று எங்கள் குளிர்காலக் குழுவின் தலைவர்.

வேலைக்குப் பருவம் உண்டு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். கூடுகளைக் கெடுப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால் புதர் வெட்டும் வேலை எல்லாம் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்துவிட வேண்டும். சின்னக் கன்றை வேரோடு கையால் பிடுங்குவது, பெரியதை வெட்டி அடிக்கட்டையைக் கவனிப்பது. பூப்புல்வெளியை ஜூலைக்குப் பிறகு அறுத்து, அறுத்த புல்லை அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். அள்ளாமல் விட்டால் அதுவே உரமாகி, முரட்டுப் புல்லும் நெட்டில் செடியும் பூக்களை அமுக்கிவிடும். இங்கேதான் பல காமன்கள் தவறுகின்றன. வெட்டுவதற்குப் பணம் ஒதுக்குவார்கள், அள்ளுவதற்கு ஒதுக்கமாட்டார்கள்.

எறும்புப் புற்றுகளைப் பாருங்கள். புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்குப் பச்சை மேடுகளாக நிற்பவை மஞ்சள் புல்வெளி எறும்புகளின் புற்றுகள். ஒவ்வொன்றும் பல பத்தாண்டுகள் எடுத்து வளர்ந்தது. அந்த மண்ணை நெடுங்காலம் யாரும் உழவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி. ஒரு கான்ட்ராக்டர் டிராக்டரைத் தாழ்த்தி ஒரே மதியத்தில் அவற்றைச் சீவிவிட முடியும். நாங்கள் இப்போது ஒப்பந்தத்திலேயே அதை எழுதி, வேலை நாளன்று ஒருவர் கூடவே நிற்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டின் போர்ட் மெடோ உழப்படாத நிலமாகவே இருந்து வந்தது. 1086இன் டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பிலேயே ஊர்க்காரர்களின் மேய்ச்சல் நிலமாக அது வருகிறது. உங்கள் காமன் அவ்வளவு புகழ்பெற்றதாக இல்லாமலிருக்கலாம். ஆனால் உழாத மண் எங்கே இருந்தாலும் அது ஒரு ஆவணம்தான். பழைய கரைகள், சரளைக் குழிகள், போர்க்காலப் பள்ளங்கள் எல்லாம் அதில் இருக்கும். அவற்றில் ஏதாவது அட்டவணைப்படுத்தப்பட்ட தொல்சின்னமாக இருந்தால், ஒரு கம்பம் நடக்கூட முன் ஒப்புதல் வேண்டும், அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது குற்றம்.

மாட்டைத் திரும்பக் கொண்டுவர முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை. கிளாஸ்டர்ஷயரின் மின்சின்ஹாம்ப்டன் காமனில் ஒவ்வொரு மே மாதமும் மாடுகளை அடையாளமிட்டு அவிழ்த்து விடுகிறார்கள். சாலையில் கார்களோடு சேர்ந்து மாடுகள் நடக்கும். வேலி இல்லாத காமனில் மேய்ப்பது எப்படி என்ற பழைய சிக்கலுக்கு இப்போது ஒரு வழி வந்திருக்கிறது: நோஃபென்ஸ் மாதிரியான ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை. போனில் ஒரு கோடு வரைந்தால், மாடு அந்தக் கோட்டை நெருங்கும்போது பட்டை ஒலி எழுப்பும், மீறினால் சின்ன அதிர்ச்சி தரும். சில நாட்களில் மாடுகள் ஒலிக்கே திரும்பிவிடுகின்றன. தரையில் வேலி எழும்பாததால் 38ஆம் பிரிவின் சிக்கலும் இல்லை. நாய் வளர்ப்பவர்களோடு மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நாய்க் கழிவிலிருந்து நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி பரவி மாட்டின் கருவைக் கலைத்துவிடும் என்று சொன்னால், மாட்டுக்காரர் ஏன் கண்டிப்பாக இருக்கிறார் என்பது அவர்களுக்குப் புரியும். நாய்களுக்குப் போடும் உண்ணி மருந்து குளத்து நீரில் கலந்து பூச்சிகளைக் கொல்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

ஆஷ் மரங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2012இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் இன்று நாடெங்கும் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. நோய் முற்றிய மரம் மொறுமொறுவென்று ஆகிவிடுவதால் ஏறி வெட்டுபவர்கள் ஏற மறுக்கிறார்கள், மெஷின் கொண்டுவர வேண்டும், செலவு பல மடங்கு. சாலையோரத்தில், வீட்டோரத்தில் நிற்கும் மரம் விழுந்தால் நில உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு வருடச் சந்தா முழுவதும் மூன்று ஆஷ் மரங்களில் போயிற்று. மரங்களை முறையாக ஒருவர் பார்த்து எழுதிவைத்த அறிக்கை இருக்கிறதா என்று சேரும் முன் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் முதல் தீர்மானம் அதுவாக இருக்கட்டும்.

இனி அறக்கட்டளை என்ற அமைப்புக்கு வருகிறேன். இதில்தான் நீங்கள் தனிப்பட்ட முறையில் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் அறக்கட்டளை எந்த வகை? பழைய டிரஸ்டாகவோ பதிவுபெறாத சங்கமாகவோ இருந்தால் அதற்குத் தனி சட்ட உருவம் கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நீங்கள்தான், கடன் வந்தால் அறங்காவலர்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக வேண்டியிருக்கலாம். 2013இலிருந்து இங்கிலாந்தில் சிஐஓ எனப்படும் கூட்டுரு அறக்கட்டளை வடிவம் இருக்கிறது. அதில் அமைப்பே ஒரு சட்ட நபர், நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். பல காமன் அறக்கட்டளைகள் அதற்கு மாறியிருக்கின்றன. மாறுவது காகித வேலை அதிகம், ஆனாலும் செய்யத் தகுந்தது.

அடுத்து, அறக்கட்டளைக்கு இந்த நிலத்தோடு என்ன உறவு? சொந்தமா, குத்தகையா, அல்லது கவுன்சிலின் நிலத்தில் உதவி செய்யும் நண்பர் குழுவா? மூன்றுக்கும் அதிகாரம் வேறு வேறு. பொதுவாக நிலத்தைச் சொந்தமாகவோ குத்தகையாகவோ வைத்திருப்பவர்தான் ஆக்கிரமிப்பாளர் மேல் நில உரிமை வழக்குப் போட முடியும். சில காமன்களுக்கு 1866, 1876 அல்லது 1899ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் ஒரு 'ஸ்கீம்', அதாவது நிர்வாக விதித் தொகுப்பு, இருக்கும். லண்டன் தென்கிழக்கில் சிசில்ஹர்ஸ்ட் காமன் அப்படி 1888இல் வந்த ஏற்பாட்டில் இன்றும் உள்ளூர் அறங்காவலர்களால் நடக்கிறது. அந்த ஸ்கீம் பழைய நடையில் இருக்கும், படிக்கச் சிரமம்தான். ஆனால் எது செய்யலாம், எது கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

உங்கள் வீடு காமனுக்கு எதிரே என்று சொன்னீர்கள். வாசலுக்குப் போகும் பாதை காமன் மேல் போகிறதா? போனால், முதல் கூட்டத்திலேயே அதைச் சொல்லிக் குறிப்பில் ஏற்றுங்கள். அந்தப் பாதைகள் பற்றிய பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள். அறங்காவலரின் கடமை அறக்கட்டளையின் நோக்கத்துக்கு, அக்கம்பக்கத்து வீட்டு விலைக்கு அல்ல. காமன் ஓரத்தில் குடியிருப்பவர்களே அதிகம் அக்கறைப்படுவதால் எல்லா காமன் அறக்கட்டளையிலும் இந்தச் சிக்கல் உண்டு. மறைக்காமல் சொன்னால் அது சிக்கலே இல்லை. ஊதியம் கிடையாது என்பது தெரிந்திருக்கும். வருட அறிக்கை நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனுக்குப் போக வேண்டும். தாமதமானால் அவர்கள் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி தெரியும். பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பணம் எப்போதும் பற்றாக்குறைதான். நண்பர்கள் சந்தா, கிராம கவுன்சிலின் உதவி, மின்கம்பங்களுக்கு வரும் வாடகை, உயில்கள், லாட்டரி நிதி என்று சேர்க்க வேண்டும். வரி கட்டுபவர் 20 பவுண்ட் தந்தால், நன்கொடைக்கான வரியை அறக்கட்டளைக்குத் திருப்பித் தரும் கிஃப்ட் எய்ட் படிவம் ஒன்றால் அது 25 ஆகிறது. அந்தப் படிவத்தை வாங்காமல் விடும் அறக்கட்டளைகளைப் பார்த்தால் மனம் பதறும். அரசாங்க விவசாயச் சுற்றுச்சூழல் திட்டங்களை மட்டும் நம்பாதீர்கள்: 2025 மார்ச் 11 அன்று அதில் பெரியதான ஒன்று புதிய விண்ணப்பங்களை ஒரே மாலையில் நிறுத்திவிட்டது.

சம்மதம் சொல்வதற்கு முன் செயலாளரிடம் ஐந்து காகிதங்களைக் கேளுங்கள்: அறக்கட்டளையின் ஆட்சிப் பத்திரம், காமன் பதிவேட்டின் நகலும் வரைபடமும், நில ஆவணம், காப்பீட்டுச் சான்று, கடைசி மரப் பரிசோதனை. எல்லாம் உடனே கிடைத்தால் நல்ல கைகளில் சேர்கிறீர்கள். கிடைக்கவில்லை என்றாலும் சேருங்கள், அப்போது உங்கள் தேவை இன்னும் அதிகம்.

சேர்ந்த முதல் பிப்ரவரியில், இலைகள் உதிர்ந்து பிராக்கன் படுத்துக் கிடக்கும்போது, வரைபடத்தோடு எல்லையை முழுவதும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். கோடையில் மறைந்திருக்கும் வேலிக்கால்கள் அப்போதுதான் தெரியும். தெரிந்த ஒரு மரத்திலிருந்து தூரத்தை டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு வேலி மூலைக்கும் ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். மூத்த அறங்காவலர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். எந்தக் கல் எப்போது வந்தது என்பது அவருக்குத்தான் நினைவிருக்கும்.